பழைய 350 எல்.சி.க்குப் புதிய ஃபோர்க்: காசு கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டியவை

கேள்வி, 14 ஜனவரி 2024

"அண்ணே, மலேசியாவின் புக்கிட் மெர்தாஜத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா வைத்திருந்த 1982 யமஹா ஆர்.டி. 350 எல்.சி. மோட்டார் சைக்கிள் இப்போது என் கையில் இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற விழுகிறது, வளைவில் நெளிகிறது. பொத்தோங் கடையில் (வண்டிகளைப் பிரித்து உதிரிப் பாகம் விற்கும் கடை) புது ஸ்போர்ட்ஸ் மோட்டார் ஒன்றின் அப்சைட் டவுன் ஃபோர்க்கை, அதாவது தடித்த பகுதி மேலே வரும் தலைகீழ் ஃபோர்க்கை, 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறார்கள். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்கிறார் எங்கள் ஃபோர்மன் (மெக்கானிக்). வாங்கிவிடலாமா?"

15 ஜனவரி 2024

தம்பி, அந்த 900 வெள்ளி இன்னும் சில நாள் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் வண்டியின் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால், 32 மி.மீ. விட்டக் குழாய் கொண்டது. 1980இல் எல்.சி. வெளிவந்தபோதே 347 சிசி இன்ஜின் தரும் 47 குதிரைத் திறனுக்கு அந்தக் குழாய் ஒல்லி என்று ஓட்டுபவர்கள் சொன்னார்கள். 1983இல் எல்.சி.க்கு அடுத்து வந்த ஒய்.பி.வி.எஸ். மாடலில் யமஹா அதை 35 மி.மீ. ஆக்கியது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குழாய்ச் சுவரின் தடிமன் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், வளைவைத் தாங்கும் விறைப்பு விட்டத்தின் மும்மடிப்பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. 32இலிருந்து 35க்குப் போனால் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடும். 41க்குப் போனால் இரு மடங்கைத் தாண்டும். ஆகவே உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நெளிவுக்குக் காரணம் ஃபோர்க்தான் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை மேலே தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கையில் தட்டினால் ஸ்டீரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. அடுத்துப் பின்சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போய்விட்டது என்று பொருள். முன்பக்கம் நெளிவதாக உங்களுக்குத் தோன்றுவதில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. நாற்பது ஆண்டு வயதான வண்டியில் இவை இரண்டும் சரியாக இருந்தால் நான் ஆச்சரியப்படுவேன்.

15 ஜனவரி, இரவு

"கழற்றி மாட்டினால் முடிந்தது" என்ற ஃபோர்மனின் வாக்கைப் பற்றி ஒரு வரி. கழற்றுவது வரைக்கும் அவர் சொல்வது முழு உண்மை.

19 ஜனவரி 2024

அளவுகள் என்னென்ன என்று மூன்று பேர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலும் கீழும் பிடித்திருக்கும் பாகத்தைத்தான் நம் பட்டறைகளில் டி ஸ்டெம் என்கிறோம். கீழ் டியிலிருந்து ஒரு தண்டு எழுந்து சேஸியின் ஸ்டீரிங் குழாய்க்குள் நுழைகிறது. புதிய ஃபோர்க் பழைய வண்டியில் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தண்டுதான். ஃபோர்க்கின் அழகுக்கும் அதன் பிராண்டுக்கும் இதில் வேலையில்லை. ஸ்டீரிங் குழாயின் நீளம், அதன் மேல்வாய், கீழ்வாய் உள்விட்டங்கள், தண்டில் மேல் பேரிங், கீழ் பேரிங் உட்காரும் இடங்களின் விட்டங்கள், தண்டின் பயன்படும் நீளம் ஆகியவற்றை வெர்னியர் அளவுகோலால் அளந்து தாளில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். கடைக்காரர் பேசத் தொடங்கினால் எண்கள் மறந்துபோகும்.

எல்.சி.யில் இருப்பவை உதிரிக் குண்டு பேரிங்குகள். அவற்றுக்குப் பதிலாகக் கூம்பு உருளை பேரிங் போடுவது நல்ல வாய்ப்பு. பேரிங் கடையில் 32005 என்று கேட்டால் 25 மி.மீ. உள்விட்டம், 47 வெளிவிட்டம், 15 தடிமன். 32006 என்றால் 30, 55, 17. ஜப்பானிய மோட்டார்களின் ஸ்டீரிங் குழாய்கள் இந்தச் சீர் அளவுகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே வெளிவளையம் உங்கள் சேஸிக்கும் உள்வளையம் வாங்கும் தண்டுக்கும் பொருந்துகிற பேரிங்கைப் பட்டியலில் தேட வேண்டும். பல சமயம் அப்படி ஒன்று கிடைத்துவிடும். அது அமைந்துவிட்டால் லேத் வேலை பாதியாகக் குறையும். கூம்பு பேரிங் பழைய குண்டு பேரிங்கைவிடச் சற்று உயரமாக உட்காரக்கூடும் என்பதால், தண்டின் மேல் மரைக்கு எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தண்டு குட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று பட்டர்வொர்த் நண்பர் கேட்கிறார். பழைய கீழ் டியிலிருந்து பழைய தண்டை அழுத்தி எடுத்து, புதிய கீழ் டிக்குள் அழுத்திப் பொருத்தலாம். விட்டம் ஒத்துவராவிட்டால் புதுத் தண்டு கடைய வேண்டும். பற்றவைத்து நீட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

22 ஜனவரி 2024

என் சொந்த எல்.சி.யில் இருப்பது ஹோண்டா சி.பி. 400 சூப்பர் ஃபோரின் 41 மி.மீ. ஃபோர்க். 1992இல் வந்த முதல் மாடலுடையது. சாதாரண வகை, அப்சைட் டவுன் அன்று. யமஹா வீட்டுக்கு ஹோண்டா மருமகள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். மருமகள் வந்த பிறகு வீடு ஒழுங்காக நிற்கிறது என்பதே என் பதில்.

அதற்குத் தண்டு கடைந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பினாங்குத் தீவில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். விட்டங்கள் எல்லாம் மிகச் சரியாக வந்திருந்தன. ஆனால் தண்டின் அடியில், கீழ் பேரிங் உட்காரும் தடித்த பகுதி ஒல்லியாகும் இடத்தில், உள்மூலை கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோணமாக இருந்தது. விரல் நகத்தை வைத்தால் நகம் அந்த மூலையில் போய் நின்றது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்டு வளையப் பார்ப்பது அங்கேதான். கூர்மையான உள்மூலையில் விசை குவியும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மூலையை வளைத்து, சிறு ஆரம் விட்டு மறுபடி கடைந்து தாருங்கள் என்று கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது பாஸ்" என்று சிரித்தார்கள். வாக்குவாதம் செய்து பயனில்லை என்று தண்டை வாங்கிக்கொண்டு வேறு பட்டறையில் புதிதாகக் கடைந்தேன். அங்கே படம் வரைந்து, அந்த ஆரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன். நீங்களும் வாய்மொழியாகச் சொல்லாமல் வரைந்து கொடுங்கள். உலோகமும் நல்ல கலவை எஃகாக இருக்கட்டும். பட்டறை மூலையில் கிடக்கும் ஏதோ ஒரு கம்பி வேண்டாம்.

அழுத்திப் பொருத்தும்போது அலுமினியக் கீழ் டியைச் சூடாக்குவதும் எஃகுத் தண்டைக் குளிரூட்டுவதும் உதவும். அலுமினியம் ஒரு பாகை சூட்டுக்கு எஃகைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு விரிகிறது. 30 மி.மீ. துளை 100 பாகை சூடேறினால் 0.07 மி.மீ. அளவு விரியும். காகிதத்தில் அது சிறிய எண். பிரஸ்ஸின் அடியில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

27 ஜனவரி 2024

தைப்பூசக் கூட்டம் கலைந்து தண்ணீர்மலைச் சாலை திறந்துவிட்டது. இனி முக்கியமான கணக்குக்கு வருவோம்.

ஸ்டீரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரமே டிரெயில். அது அதிகமானால் நேர்க்கோட்டில் வண்டி நிலையாகச் செல்லும், ஆனால் மெதுவாகத் திருப்பும்போது கனக்கும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வேகத்தில் கைப்பிடி நடுங்கத் தொடங்கும். ஸ்டீரிங் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவே சாய்வுக் கோணம். சக்கர ஆரத்தை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கி, அதிலிருந்து டி ஸ்டெம்மின் ஆஃப்செட்டைக் கழித்து, மிச்சத்தைக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். ஆஃப்செட் என்பது தண்டின் நடுவுக்கும் இரு ஃபோர்க் குழாய்களின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். சக்கரத்தின் அச்சு ஃபோர்க் குழாயின் நடுவிலேயே இருந்தால் இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தும். முன்னால் தள்ளியிருந்தால் அந்தத் தள்ளலையும் ஆஃப்செட்டோடு கூட்டுங்கள்.

கணக்குக்காக 27 பாகை சாய்வு, 310 மி.மீ. ஆரம் கொண்ட 18 அங்குலச் சக்கரம், 50 மி.மீ. ஆஃப்செட் என்று எடுத்துக்கொள்வோம். டிரெயில் 102 மி.மீ. வருகிறது. இப்போது 110/70-17 டயருள்ள சக்கரத்தையும் 30 மி.மீ. ஆஃப்செட் உள்ள புதிய டி ஸ்டெம்மையும் மாட்டுகிறோம். ஆரம் 293 ஆகிறது. சாய்வு மாறாவிட்டால் டிரெயில் 116க்கு ஏறும். அந்தக் கனம் ஏர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஊர்ந்து போகும்போது தோளில் தெரியும்.

ஆனால் சாய்வு மாறாமல் இருப்பதில்லை. புதிய ஃபோர்க் பழையதைவிட 30 மி.மீ. குட்டை என்று வையுங்கள். அதனால் முன்பக்கம் 27 மி.மீ. இறங்கும், சக்கரம் சிறுத்ததால் இன்னும் 17 மி.மீ. இறங்கும், ஆக 44. சக்கர இடைத்தூரம் 1,350 மி.மீ. என்றால் முழு வண்டியும் ஏறக்குறைய 1.9 பாகை முன்னால் குனிகிறது. சாய்வு 25.1 பாகை ஆகி, டிரெயில் 104க்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

பலர் எந்தக் கணக்கும் போடாமல் மாட்டிவிட்டு "சூப்பராக ஓடுகிறது" என்று சொல்வதற்கு இந்தத் தற்செயலான ஈடுசெய்தல்தான் காரணம் என்பது என் கருத்து. ஒரு தவறு மற்றொரு தவறை மூடிக்கொள்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் யாராவது 'சரி' செய்தால், உதாரணமாக முன்பக்க உயரம் குறைந்துவிட்டதே என்று ஃபோர்க் தொப்பிக்கு மேல் நீட்டிப்புத் துண்டு போட்டால், டிரெயில் மறுபடி 110ஐத் தாண்டும்.

குனிந்த வண்டிக்கு வேறு விலைகளும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எல்.சி.யின் சைலன்சர்கள் அடியில் தொங்குபவை. பாலிக் பூலாவ் போகும் துன் சார்டோன் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவை தரையைத் தேய்க்கும் சத்தம் நான் விரும்பிக் கேட்கும் சத்தம் அன்று. பின்பக்கத்தைத் தூக்கலாம், ஆனால் தூக்கினால் சாய்வு இன்னும் குறையும். ஆகவே இரண்டையும் சேர்த்து அளந்து செய்யுங்கள்.

28 ஜனவரி 2024

சுங்கை பட்டாணி நண்பருக்கு: 18 அங்குல முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு, புதிய ஃபோர்க்கையும் 30 மி.மீ. ஆஃப்செட்டையும் மட்டும் போட்டால், சாய்வு மாறாதவரை, டிரெயில் 124 வரும். நேராகப் போகும் வண்டி வேண்டும் என்றால் அருமையாக இருக்கும். பழைய ஆஃப்செட் அளவில் புதிய குழாய் விட்டத்துக்கு டி ஸ்டெம் மில் செய்து வாங்குவதே நேர்வழி. செலவு ஃபோர்க்கின் விலையையே தொட்டுவிடக்கூடும். பழைய வண்டிகளின் ஆஃப்செட் பெரும்பாலும் 50, 60 என்றும், இன்றைய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் 25, 30, 35 என்றும் இருப்பதற்கு, அவற்றின் சாய்வும் சக்கர அளவும் வேறு என்பதே காரணம்.

3 பிப்ரவரி 2024

பொத்தோங் கடைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் எதன் மீதாவது முன்னால் மோதிய பிறகுதான். பின் ஷாக்கும் ரிம்மும் இன்ஜினும் நல்ல நிலையில் இருக்கும். ஃபோர்க்கும் டி ஸ்டெம்மும்தான் அடி வாங்கியிருக்கும். ஆகவே அந்தக் கடையில் நாம் மிகவும் சந்தேகப்பட வேண்டிய பொருளைத்தான் தேடிப் போகிறோம்.

குழாயை வெளியே எடுத்து ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். நேரான குழாய் சத்தமின்றி உருளும். வளைந்தது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கண்ணாடியைத் தட்டும், அடியில் ஒளிக்கீற்று தோன்றி மறையும். விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. பல ஜப்பானியப் பட்டறைக் கையேடுகள் 0.2 மி.மீ. விலகலை எல்லையாக வைக்கின்றன. பிறகு குரோம் பூச்சு. நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். கடற்கரை ஊர் வண்டி என்றால் சீல் (எண்ணெய் வடியாமல் தடுக்கும் வளையம்) ஓடும் பகுதியில் ஊசி முனை அளவில் குழிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். மெல்லிய துருப்புள்ளியை எண்ணெய்க் கல்லால் நீவிவிடலாம். குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் வடியும். குழாயை டி ஸ்டெம் பிடித்திருந்த பகுதியில் உள்ள துருவுக்குப் பயப்பட வேண்டாம், அங்கே சீல் வராது.

கைப்பிடி அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும், கீழ் டியின் ஸ்டீரிங் நிறுத்தக் காதுகளையும் பாருங்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அந்த வண்டி எந்தப் பக்கம் விழுந்தது என்பது தெரிந்துவிடும். பேரம் பேசவும் உதவும்.

8 பிப்ரவரி 2024

சீனப் புத்தாண்டுக்கு லேத் பட்டறைகள் மூடப் போகின்றன. தண்டு கொடுக்காதவர்கள் இனி பிப்ரவரி கடைசியைப் பாருங்கள். அதுவரை பழைய வண்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிரித்துப் போட்ட வண்டி ஆண்டுக்கணக்கில் பிரித்தபடியே கிடப்பதை நம் தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) வீட்டு வாசல்களில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

18 பிப்ரவரி 2024

ஸ்பிரிங்கும் எண்ணெயும். கேள்வி கேட்ட தம்பி 60 கிலோ எடை என்று எழுதியிருப்பதால் இது அவருக்கு மிகவும் வேண்டியது.

எல்.சி. இலேசான வண்டி. 400, 600 சிசி வண்டிக்காகச் செய்த ஸ்பிரிங் அதற்கு விறைப்பாகவே இருக்கும். உட்கார்ந்ததும் முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஃபோர்க் நீண்டிருக்கும் அளவை ஒருவர் குறிக்கட்டும். நீங்கள் வழக்கமான உடையோடு ஏறி அமர்ந்த பின் மறுபடி அளக்கட்டும். சாலை ஓட்டத்துக்கு 30 முதல் 40 மி.மீ. இறங்கினால் நல்லது. பத்துப் பதினைந்துதான் இறங்குகிறது என்றால், ஜெலுத்தோங் விரைவுச் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் உங்கள் மணிக்கட்டில் கேட்கும். முதலில் ஸ்பிரிங் மேல் உள்ள இடைக்குழாயைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் மென்மையான ஸ்பிரிங் வாங்குங்கள்.

"ஸ்பிரிங்கை ரெண்டு சுற்று வெட்டினால் மிருதுவாகிவிடும்" என்ற யோசனை இன்னும் உலவுகிறது. வேலை செய்யும் சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் கூடுதல் விறைப்பாகும். இருபது சுற்றில் இரண்டை வெட்டினால் விறைப்பு 11 விழுக்காடு ஏறும். வெட்டிய பிறகு முன்பக்கம் தாழ்வதால் மிருதுவானதுபோல் ஒரு மயக்கம் ஏற்படுகிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் அளவை மில்லிலிட்டரில் கேட்காதீர்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை உள்ள காற்று இடைவெளியை அளப்பதே முறை. இடைவெளி குறையக் குறைய, அமுங்கலின் கடைசிப் பகுதி விறைக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் 10 டபிள்யூ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 10 மற்றொன்றின் 7.5 போல் ஓடும். டப்பாவின் பின்பக்கத்தில் 40 பாகையில் எத்தனை சென்டிஸ்டோக் (எண்ணெயின் பாகுநிலை அளவு) என்று போட்டிருப்பார்கள்; ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

25 பிப்ரவரி 2024

பிரேக். சுருக்கமாக முடிக்கலாம். ஃபோர்க், ரிம், டிஸ்க், அந்த டிஸ்கைக் கவ்வும் கேலிப்பர், லிவரோடு இருக்கும் மாஸ்டர் பம்ப் ஐந்தையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். என் சூப்பர் ஃபோர் முன்பக்கத்தில் 296 மி.மீ. இரட்டை டிஸ்க் அப்படியே வந்தது. அதன் மாஸ்டர் பம்ப்பையும் சேர்த்தே எடுத்தேன். கேலிப்பர் ஒரு வண்டி, பம்ப் இன்னொரு வண்டி என்று கலந்தால் லிவர் மரக்கட்டையாகவோ பஞ்சாகவோ இருக்கும். 12.7 மி.மீ. பம்ப்புக்குப் பதில் 15.9 மி.மீ. பம்ப் போட்டால் அதன் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. லிவர் குறைவாக நகரும், ஆனால் அதே பிடிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் விசை கொடுக்க வேண்டும். இதை "பிரேக் ஷார்ப் ஆகிவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. மழையில் விரல் சோர்ந்த பிறகு கேட்டுப் பாருங்கள்.

பிரேக் குழாயின் முனையைப் பிடிக்கும் பாஞ்சோ போல்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்பேனர் எடுங்கள். ஜப்பானியப் பாகங்களில் வழக்கமாக 10 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25, பிரெம்போ போன்ற ஐரோப்பியப் பாகங்களில் மரை இடைவெளி 1.0. இரண்டு சுற்று வரை இரண்டும் நுழைவதுபோல் தோன்றும்.

வேகமானி: எல்.சி.யில் முன்சக்கர ஹப்பிலிருந்து கேபிள் வருகிறது. 18 அங்குலத்துக்குச் செய்த கியரை 17 அங்குலச் சக்கரத்தில் வைத்து ஓட்டினால் மானி ஏறக்குறைய 6 விழுக்காடு கூட்டிக் காட்டும். நிஜத்தில் 100 என்றால் முள் 106இல் நிற்கும். இதனால் யாருக்கும் சம்மன் வராது.

2 மார்ச் 2024

தொடக்கத்திலிருந்து 41 மி.மீ. பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன். அதைச் சற்றுத் தளர்த்த விரும்புகிறேன்.

நேற்று மாலை பினாங்குப் பாலத்தில் மோட்டார் தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். நடுப்பகுதியின் உயரத்தில் பக்கக்காற்று தள்ளும் இடத்தில் என் முன்பக்கம் அசையவில்லை. பின்பக்கம்தான் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. முன்னே விறைப்பு இரு மடங்கானதும், சேஸியும் ஸ்விங் ஆர்மும் தாங்கள் எவ்வளவு இளகியவை என்பதைக் காட்டத் தொடங்குகின்றன. 32 மி.மீ. ஃபோர்க்கோடு சேர்ந்து வளைவதற்கென்றே செய்த சேஸி அது. ஸ்டீரிங் குழாயைச் சுற்றிய வெல்டுகளை நான் அவ்வப்போது துடைத்து, விளக்கு அடித்துப் பார்ப்பது வழக்கம்.

ஆகவே தம்பி, வாரம் ஒருமுறை பாலிக் பூலாவ் வரை போய்வரும் உங்கள் தேவைக்கு, ஒய்.பி.வி.எஸ்.ஸின் 35 மி.மீ. முன்பக்கம் கிடைத்தால் அதுவே பொருத்தமானது என்று இப்போது சொல்வேன். அதுவும் 18 அங்குலச் சக்கரம்தான், கணக்கு அதிகம் புரளாது, முகமும் எல்.சி.யின் முகமாகவே இருக்கும். தண்டை அளக்கும் வேலை இதற்கும் உண்டு, ஒரே கம்பெனி என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். கிடைப்பது அரிது, விலையும் இறங்காது என்பதுதான் குறை. பழைய ஃபோர்க்கையே புது புஷ், புது சீல், நல்ல ஸ்பிரிங், சரியான எண்ணெய் மட்டத்தோடு உயிர்ப்பித்துவிட்டு முடிவெடுப்பது இன்னும் மலிவு.

அப்சைட் டவுன் வேண்டாம் என்பதற்கு என் காரணம் அழகு சம்பந்தப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதன் தடித்த பகுதி மேலே இருப்பதால், முழுவதும் திருப்பும்போது எல்.சி.யின் அகன்ற டாங்கில் போய் முட்டும். முட்டாதிருக்க ஸ்டீரிங் நிறுத்தத்தைக் கூட்டினால் திருப்பம் குறையும். லெபோ சூலியாவில் நிறுத்திய கார்களுக்கு நடுவே வண்டியைத் திருப்பிப் பார்த்தால் அது என்ன இழப்பு என்று தெரியும். சீல் அடியில் இருப்பதால், அது பழுதானால் எண்ணெய் முழுவதும் கீழே இறங்கிவிடும். கேலிப்பர் இருப்பது அதே இடத்தில்.

3 மார்ச் 2024

சட்டம் பற்றிய கேள்விக்கு: 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டியின் மாற்றங்களைச் சும்மா விடுவதில்லை. வேலையைத் தொடங்கும் முன் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பார்ப்பது முன்பக்கத்தைத்தான்.

16 மார்ச் 2024

தம்பிக்கு ஈப்போவில் 35 மி.மீ. முன்பக்கம் ஒன்று கிடைத்துவிட்டதாகச் செய்தி. மகிழ்ச்சி. அப்சைட் டவுன் விற்பவருக்கு என் மீது கோபம் இருந்தால் அதில் நியாயம் உண்டு. மாட்டும் வரிசையை எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

பேரிங் கிண்ணங்களைச் சாய்வின்றி அடித்து, கிரீஸ் நிறைய வைத்து, தண்டை ஏற்றிச் சரிப்படுத்தும் நட்டை இறுக்குங்கள். கைப்பிடியை இரு ஓரங்களுக்கும் பலமுறை திருப்பிவிட்டு நட்டைத் தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்குங்கள். தூக்கிய சக்கரம் நடுவிலிருந்து தன் எடையாலேயே ஓரத்துக்குச் சாய வேண்டும்; முன்பின் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து அமையும் இடம் ஒன்றுதான். மேல் டியின் பெரிய நட்டை இறுக்கியதும் அந்த இடம் சற்று நகரும், ஆகவே மறுபடி பாருங்கள்.

பிறகு குழாய்களை ஏற்றி, இரண்டும் மேல் டிக்கு மேலே ஒரே அளவு நீண்டிருக்கின்றனவா என்று வெர்னியரால் அளந்து, கீழ் டியின் போல்ட்டுகளைப் பிடியுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 23 நியூட்டன் மீட்டர் அளவு போதும். அலுமினியத்தில் அதற்கு மேல் பலம் காட்டினால் காது பிளக்கும். சக்கரத்தின் அச்சை இறுக்கிய பின், ஃபோர்க்கின் அடியில் உள்ள அச்சுப்பிடி போல்ட்டை இறுக்காமல் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துப் பலமுறை அமுக்கி எழுப்புங்கள். இரு கால்களும் தங்களுக்குள் இணைகோடாக உட்கார்ந்துகொள்ளும். அதன் பின்பு அந்தப் போல்ட்டை இறுக்குங்கள்.

கைப்பிடியை முழுவதும் இடமும் வலமும் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் குழாயும் ஒயர்க் கட்டும் இழுபடுகின்றனவா, ஆக்சிலேட்டர் தானாக ஏறுகிறதா என்று இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டீரிங் நட்டை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். புதிய பேரிங் கிண்ணங்கள் அதற்குள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.